பழைய புட்டிக்குப் புதிய கோலம்

(ஆத்தூரில் உழவர்களும் மகளிர் குழுவினரும் கூடிய கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



நெல்லுக்கு எவ்வளவு தழைச்சத்து, வாழைக்கு எத்தனை நாளுக்கு ஒரு தண்ணீர் என்று சொல்ல வேண்டிய உழவியல் ஆசிரியர், பழைய கண்ணாடிப் புட்டிக்கு வண்ணம் தீட்டுவதைப் பற்றிப் பேச வந்திருக்கிறாரே என்று சிலர் நினைக்கக் கூடும். மகளிர் குழுவினர் விரும்பிக் கேட்ட பொருள் இது. வீட்டில் கிடக்கும் சீசாவை அழகுப்பொருளாக்கி, முடிந்தால் நாலு காசும் பார்க்கலாம் என்பது அவர்கள் எண்ணம். நல்ல எண்ணந்தான். ஆனால் உழவர் வீட்டுக்கும் நகரத்து வீட்டுக்கும் ஒரு வேறுபாடு உண்டு. நகரத்து வீட்டில் ஊறுகாய்ப் புட்டியும் பழச்சாற்றுப் புட்டியும் இருக்கும். உழவர் வீட்டில் அவற்றோடு பூச்சிமருந்துப் புட்டியும் இருக்கும். ஆகவே எப்படி வண்ணம் பூசுவது என்பதற்கு முன்னால், எதற்கு வண்ணம் பூசக் கூடாது என்பதைப் பார்த்துவிடுவோம்.

எந்தப் புட்டி ஆகும், எது ஆகாது?

ஜாம், ஊறுகாய், தேன், பழச்சாறு, சோடா, மதுபானம் இருந்த புட்டிகள் ஆகும். விரிசல் விட்டதும் வாய் உடைந்ததும் ஆகா. அமிலம் இருந்தது ஆகாது. என்ன இருந்ததென்று தெரியாத புட்டியும் ஆகாது. வரப்பிலும் வாய்க்கால் கரையிலும் கிடந்து, மேல்தாள் கிழிந்துபோன புட்டி எவ்வளவு வடிவாக இருந்தாலும் அதை வீட்டுக்குக் கொண்டுவராதீர்கள்.

பூச்சிமருந்து, பூசணமருந்து, களைக்கொல்லி இருந்த புட்டி ஒருக்காலும் ஆகாது. "நன்றாகச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டேனே" என்பார்கள். வாயின் மரையிலும் மூடியின் உட்புறத் தக்கையிலும் தங்கும் மருந்து கழுவினாலும் முழுதும் போகும் என்று உறுதி சொல்ல முடியாது. வண்ணம் பூசுவதால் நஞ்சு போவதில்லை. புட்டியின் மேல் இருந்த எச்சரிக்கைதான் போகிறது. மேல்தாளில் சாய்சதுரமாக ஓர் அடையாளம் இருக்கிறதல்லவா? அதில் சிவப்பு இருந்தால் கடும் நஞ்சு, மஞ்சள் அதற்கு அடுத்தது, நீலம் நடுத்தரம், பச்சை குறைந்த நஞ்சு. அந்த அடையாளத்தை உரித்துவிட்டு, அதன்மேல் மயில் படம் எழுதி அலமாரியில் வைத்தால், நாளை அந்த வீட்டுக்கு வரும் மருமகளுக்கோ பேரக்குழந்தைக்கோ அது முன்பு எந்தப் புட்டி என்று எப்படித் தெரியும்?

இதை மிகைப்படுத்திச் சொல்வதாக நினைக்க வேண்டாம். 2013ஆம் ஆண்டு ஜூலை மாதம் பீகார் மாநிலம் சாரண் மாவட்டத்தில் கண்டாமன் என்னும் சிற்றூரில் பள்ளி மதிய உணவு உண்ட குழந்தைகளில் 23 பேர் மாண்டார்கள். சமையல் எண்ணெயில் மோனோகுரோட்டோபாஸ் என்னும் பூச்சிமருந்து இருந்தது ஆய்வில் தெரிந்தது. மருந்து இருந்த கலனில் எண்ணெயை வைத்ததே காரணமாக இருக்கக் கூடும் என்று அதிகாரிகள் கருதினார்கள். காலிக் கலன்தானே என்று எண்ணினால் என்ன நேரும் என்பதற்கு இதைவிடக் கொடிய சான்று வேண்டியதில்லை.

மருந்துப் புட்டியை என்ன செய்வது? மருந்து தீர்ந்தவுடன் கால்பங்கு தண்ணீர் ஊற்றி, மூடிக் குலுக்கி, அந்தத் தண்ணீரைத் தெளிப்பான் தொட்டியிலேயே ஊற்றுங்கள். இப்படி மூன்று முறை செய்யுங்கள். மருந்தும் வீணாகாது, கழுவிய நீர் வாய்க்காலுக்கும் போகாது. காலிப் புட்டியை மறுபடி எவரும் எடுத்துப் புழங்காதபடி உடைத்து, குடியிருப்புக்குத் தொலைவில் புதைத்துவிட வேண்டும் என்பது 1971ஆம் ஆண்டுப் பூச்சிக்கொல்லி விதிகளிலேயே உள்ளது. சாக்குப்பைக்குள் வைத்து உடையுங்கள். கிணறு, வாய்க்கால், ஆற்றங்கரை ஆகியவற்றின் அருகில் புதைக்க வேண்டாம்.

இதன் மறுபக்கமும் உண்டு. பக்கத்து வயல்காரர் "கொஞ்சம் மருந்து கொடுங்கள்" என்று ஒரு சோடாப் புட்டியையோ மதுப் புட்டியையோ நீட்டுவார். அதில் ஊற்றிக் கொடுக்கவே கூடாது. அவருடைய தெளிப்பான் தொட்டியிலேயே அளந்து ஊற்றிவிடுங்கள். குடிக்கும் புட்டியில் இருப்பதைக் குடிக்கும் பொருளென்றே கண் எடுத்துக்கொள்ளும். தப்பித்தவறி எவரேனும் குடித்துவிட்டால் நீங்களாக வாந்தி எடுக்கச் செய்யாமல், 108க்குச் சொல்லி, மருந்தின் மேல்தாளையும் கையோடு மருத்துவமனைக்கு எடுத்துச் செல்லுங்கள்.

ஆத்தூருக்கு இதில் கூடுதல் பொறுப்பு உண்டு. ஆத்தூர் வெற்றிலைக்கு 2023ஆம் ஆண்டு புவிசார் குறியீடு கிடைத்தது. வெற்றிலை சமைத்து உண்ணும் பொருளன்று, பறித்த பச்சை இலையாகவே வாய்க்குப் போவது. கொடிக்காலில் மருந்துப் புட்டி கிடப்பது இந்த ஊரின் பெயருக்கே இழுக்கு.

கண்ணாடியை ஆயத்தம் செய்தல்

இனி நல்ல புட்டிக்கு வருவோம். முதலில் மேல்தாளை எடுக்க வேண்டும். வெதுவெதுப்பான நீரில் சிறிது சலவை சோடாவைக் கரைத்து அரைமணி நேரம் ஊறவிட்டால் தாள் உரிந்துவிடும். மிச்சப் பசைமேல் தேங்காயெண்ணெய் தடவிச் சற்று நேரம் கழித்துத் துணியால் தேய்த்து, பின் சோப்பால் எண்ணெய்ப் பிசுக்குப் போகக் கழுவுங்கள். குளிர்ந்த புட்டியில் கொதிநீர் ஊற்றினால் வெடித்துவிடும். உட்புற அழுக்குக்கு ஒரு பிடி அரிசியும் சோப்புநீரும் போட்டுக் குலுக்கினால் போதும். பின்பு ஒரு நாள் நிழலில் கவிழ்த்துக் காயவையுங்கள்.

கண்ணாடி வழவழப்பானது, நீரை உறிஞ்சாதது. அதனால்தான் வண்ணம் எளிதில் பிடிப்பதில்லை. நுண்ணிய உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்து, மேற்புறத்தை லேசாகத் தேயுங்கள். நனைத்துத் தேய்த்தால் கண்ணாடித்தூள் மூச்சில் ஏறாது. துடைத்துக் காய்ந்தபின் விரல்ரேகை படாமல் கழுத்தைப் பிடித்தே வேலை செய்யுங்கள். கையின் எண்ணெய்ப்பசை பட்ட இடத்தில் வண்ணம் உரியும்.

வண்ணமும் புடைப்பு வேலையும்

முதல் பூச்சு வெள்ளையாக இருக்கட்டும். ஒரே தடவையில் கெட்டியாகப் பூசுவதைவிட, மெல்லியதாக இரண்டு முறை பூசுவது நன்று. அக்ரிலிக் வண்ணமானால் ஒரு பூச்சுக்கும் அடுத்ததற்கும் இடையே ஒரு மணி நேரம் விடுங்கள். எனாமலானால் ஓர் இரவு விடுங்கள். வீட்டுக்கு அடித்து மிஞ்சிய பழைய வண்ண டப்பாவைப் பயன்படுத்த வேண்டாம். வீட்டு வண்ணங்களில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2016இல் வந்து, 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்திய டப்பாவில் ஈயம் மிகுதியாக இருக்கலாம். ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுப்பது.

கண்ணாடியில் எழுதுவது நமக்குப் புதிதன்று. தஞ்சாவூரில் கண்ணாடித் தகட்டின் பின்புறம் படம் எழுதி முன்புறமிருந்து பார்க்கும் முறை நெடுநாளாக உண்டு. அங்கே கண், அணிகலன் முதலிய நுண்ணிய வேலை முதலிலும், பின்னணி வண்ணம் கடைசியிலும் வரும். தஞ்சைப் பலகை ஓவியத்திலோ சுண்ணப்பொடியைப் பசையில் குழைத்து மேடெழுப்பி, அதில் கல்லும் தங்கத் தகடும் பதிப்பார்கள். நம் புட்டிக்கு இந்த இரண்டாவது முறையே பொருத்தம். சாக்கட்டித் தூளை வெள்ளைப் பசையில் சப்பாத்தி மாவுபோல் பிசைந்து, கொடி, இலை, மாங்காய் வடிவம் என்று உருட்டி ஒட்டுங்கள். ஒரு நாள் காய்ந்தபின் வண்ணம் தீட்டுங்கள். வெற்றிலைக் கொடியைவிட அழகான கோலம் ஆத்தூர்ப் புட்டிக்கு வேறென்ன வேண்டும்?

ஒட்டுவதற்கு நம்மிடம் உள்ளவை

கடையில் வாங்க வேண்டிய தேவை அதிகமில்லை. தார் வெட்டிய வாழைமரத்தின் மட்டையிலிருந்து நார் உரித்து, நிழலில் காயவைத்து, கழுத்தில் நெருக்கமாகச் சுற்றி ஒட்டலாம். பனையோலைக் கீற்று, தென்னங்கயிறு, பழைய வளையல் துண்டு, பித்தான், சேலைக்கரை எல்லாம் ஆகும். கரையில் ஒதுங்கிய சிறு சிப்பிகளைப் பிளீச்சிங் பவுடர் நீரில் ஊறவைத்துக் கழுவி, வெயிலில் காயவைத்தால் வாடை போய்விடும். 1961ஆம் ஆண்டோடு தூத்துக்குடி முத்துக்குளிப்பு நின்றுபோனாலும், சிப்பியின் அழகு நம் கரையை விட்டுப் போகவில்லை. ஆனால் பவளப்பாறைத் துண்டை எடுக்காதீர்கள். பவளப்பாறை, கடற்குதிரை, சில அரிய சங்கு வகைகள் 2001ஆம் ஆண்டு முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் காவலில் உள்ளன. எடுப்பதும் விற்பதும் குற்றம்.

விதைகளை ஒட்டுவதிலும் எச்சரிக்கை வேண்டும். மஞ்சாடி, நெல்மணி, துவரை ஒட்டலாம். சிவப்பும் கறுப்புமான குன்றிமணி கண்ணைப் பறிக்கும். ஆனால் அதன் ஓடு உடைந்து உள்ளே போனால் உயிருக்கே ஆபத்து. ஆமணக்கு விதையும் அப்படியே. சிறு குழந்தை உள்ள வீட்டில் இரண்டும் வேண்டாம். விதைத்து மிஞ்சிய மக்காச்சோள விதையும் பருத்தி விதையும் சிவப்பாக, நீலமாக இருக்கின்றனவே என்று எடுக்க வேண்டாம். அந்த நிறமே மருந்து கலந்த விதை என்பதற்கு அடையாளம்.

எல்லாம் காய்ந்தபின் வார்னிஷ் இரண்டு முறை பூசுங்கள். வார்னிஷும் டர்பன்டைனும் தீப்பற்றும். அடுப்படியில் வைத்துப் பூசாமல், காற்றோட்டமான திண்ணையில் செய்யுங்கள்.

எதற்குப் பயன்படும்?

அலங்கரித்த புட்டியில் உணவுப்பொருளோ குடிநீரோ வைக்க வேண்டாம். பூ வைக்கலாம், மணிபிளாண்ட் கொடியை நீரில் வளர்க்கலாம். நீர் வைத்தால் வாரம் ஒரு முறை கொட்டி, உட்சுவரைத் தேய்த்துக் கழுவி மாற்றுங்கள். தேங்கிய நல்ல நீரில்தான் டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிடும். நன்கு காய்ந்த கத்தரி, வெண்டை விதைகளை அடுத்த பருவத்துக்கு எடுத்துவைக்கவும் இறுக மூடிய வண்ணப் புட்டி ஏற்றது. "விதைக்கு மட்டும்" என்று எழுதி, ரகத்தின் பெயரையும் நாளையும் குறியுங்கள்.

விற்பதானால் முதலில் பத்துப் புட்டி செய்து பாருங்கள். வண்ணம், பசை, வார்னிஷ் செலவோடு உங்கள் உழைப்பு நேரத்தையும் எழுதி, ஒரு புட்டிக்கு அடக்கவிலை என்ன என்று கணக்கிடுங்கள். தூத்துக்குடி–திருச்செந்தூர் சாலையில் வருவோர் போவோர் குறைவில்லை. அவர்கள் நின்று வாங்குகிறார்களா என்று பார்த்தபின் பெரிதாகச் செய்யலாம். கடன் வாங்கித் தொடங்கும் தொழிலன்று இது.

கடைசியாக ஒன்று. வேலையில் உடைந்த சில்லுகளைக் குப்பையில் போட்டால் அது எருக்குழிக்குப் போகும், எருவோடு வயலுக்குப் போகும், நாற்று நடும் பெண்ணின் காலிலும் உழும் மாட்டின் குளம்பிலும் ஏறும். சில்லுகளைத் தடித்த காகிதத்தில் சுற்றி, பெட்டியில் சேர்த்து, பழைய பொருள் வாங்குவோரிடம் கொடுங்கள். காலில் கிழித்துவிட்டால் இரணஜன்னித் தடுப்பூசியைத் தள்ளிப்போட வேண்டாம்.

இன்று வீட்டுக்குப் போனதும் முதல் வேலையாக அங்குள்ள புட்டிகளையெல்லாம் எடுத்து இரண்டாகப் பிரியுங்கள். உண்ணும் பொருள் இருந்தவை ஒரு பக்கம், மருந்து இருந்தவை ஒரு பக்கம். இரண்டாவது பக்கத்தை முடித்துவிட்டு, முதல் பக்கத்துக்குத் தூரிகையை எடுங்கள்.