கல்நாரும் களிமண் குழலும்
(திருவண்ணாமலையில் தமிழன்பர் கூட்டமொன்றில் ஆற்றப்பெற்ற உரை)



கோடையில் நீர் வற்றிய ஏரியைக் கண்டிருப்பீர்கள். வெடித்த வண்டலின் மேற்புறம் முன்னே காய்ந்து சுருங்கும். ஈரங் காத்த அடிப்புறம் சுருங்காது. இரண்டும் ஒட்டிக் கிடப்பதால் விளிம்பு மேலெழுந்து மண்செதில் சுருளும். விளக்குத் திரியைக் கை உருட்டுகின்றது. இதனை யாரும் உருட்டுவதில்லை. உள்ளிருக்கும் முரணே சுருட்டுகின்றது.

கல்நாரின் பிறப்பும் இத்தகையதே. 'அசுபெசுடாசு' என்று நாத் தடுமாறச் சொல்லிக் கூரைமேல் ஏற்றிவைத்த பொருளுக்குக் கல்நார் என்னும் நல்ல பெயர் நம்மிடம் உண்டு. அவ்வகையுட் பெருவழக்கான வெண்கல்நாரில், ஒவ்வொரு நுண்தகடும் ஈரடுக்கினது. மணலின் கூறாகிய சிலிக்கன் உயிர்வளியொடு சேர்ந்தது ஓரடுக்கு. வெளிமம் சேர்ந்தது மற்றோரடுக்கு. வெளிம அடுக்குச் சற்றே அகன்றது. ஆதலின் அது புறமாகவும் மணலடுக்கு அகமாகவும் தகடு சுருள்கின்றது. இங்ஙனம் வளைதல் வேண்டுமென 1930-இல் பாலிங் உய்த்துணர்ந்தார். 1950-இல் மின்னணு உருப்பெருக்கி உள்துளையைக் காட்டிற்று. மூடிய கலத்தில் காரநீரொடு இவ்விரண்டையும் 200 பாகைக்கு மேல் அழுத்தத்தில் வேகவைத்தால் ஆய்வுக்கூடத்திலும் அந்நார் பிறக்கும்.

சப்பானில் எரிமலைச் சாம்பல் மண்ணொன்றை அவ்வூரார் 'இமொகோ' என்பர். 1962-இல் யோசினாகா, அவோமினே என்பார் அம்மண்ணிற் கண்ட புதுக் கனிமத்துக்கு இமொகோலைட்டு எனப் பெயரிட்டனர். ஊரார் வாய்ச்சொல் உலக அறிவியற் சொல்லாயிற்று; அதற்கு அவர்கள் நாணவில்லை!

1977-இல் பார்மரும் துணைவரும் அதனைக் குடுவையில் ஆக்கினர். அலுமினிய உப்பும் சிலிக்கனும் மிகச் சிறிதளவே கரைந்த நீர். மெல்ல மெல்லச் சேர்க்கும் காரம். பின்னர்ச் சிறிது காடித்தன்மையில், கொதிநிலைக்கு அண்மையில் பலநாட் சூடு. முதலில் ஓட்டாஞ்சில் போல் வளைந்த துணுக்குகள் தோன்றும். அவை கூடிக் குறுங்குழலாகும். குறுங்குழல்கள் முனையொடு முனை பொருந்தி நீளும். அகலமோ ஏறத்தாழ மீட்டரின் நூறுகோடியில் இரண்டு கூறாகவே நிற்கும். சிலிக்கனுக்கு மாற்றாகச் செருமானியம் இட்டாற் குழல் அகலும். அகத்தே பெரிய அணு புகுந்தமையால் வளைவு தளர்கின்றது.

கல்நாரின் அந்நுண்மையே கேடுமாம். ஓட்டை அறுக்கையில் எழும் நார்த்துகள் நுரையீரலில் தங்கிப் புற்று விளைக்கும். எச்சரிக்கைப் பலகையில் 'அசுபெசுடாசு' என்றிருந்தால் ஓடறுக்கும் தொழிலாளிக்கு என்ன விளங்கும்? கல்லிலிருந்து நார் உரிகின்றது என்றறிந்தவன் வாயையும் மூக்கையும் காப்பான். பழங்கூரை மாற்றுவோர் ஓட்டை நீரால் நனைத்து, உடைக்காமல் முழுதாக இறக்குக.