பாட்டனார் பெயரில் ஒரு தையற்கூடம்
(சங்கத்தின் பொன்விழா நிகழ்ச்சியில் ஆற்றிய உரை)

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.



எங்கள் பாட்டனாரின் நினைவாகக் கடையநல்லூரில் ஏழைப் பெண்களுக்கென நாங்கள் நடத்திவரும் தையற்பயிற்சிக் கூடத்தைப் பற்றிப் பேசும்படி சங்கத்தார் கேட்டுக்கொண்டார்கள். பெருமை பேச எனக்கு மனமில்லை. நாங்கள் செய்த தவற்றைச் சொல்கிறேன். இதே போன்ற பணியைத் தொடங்க நினைப்பவர்களுக்கு அதுதான் அதிகம் பயன்படும்.

மேக்ஸ்வெல் உணவங்காடி நிலையத்தில் சாப்பிடாதவர்கள் இங்கே குறைவாகத்தான் இருப்பார்கள். அது இருக்கும் தெருவின் பெயர் கடையநல்லூர் தெரு. தென்காசிப் பக்கத்துச் சிறிய ஊர் ஒன்றின் பெயர் சிங்கப்பூர் வரைபடத்தில் இன்றும் நிற்கிறது. அந்த ஊரிலிருந்து கப்பலேறி வந்தவர்களில் எங்கள் பாட்டனாரும் ஒருவர். தஞ்சோங் பகார் துறைமுகத்தில் மூட்டை தூக்கினார். அந்நாளில் தமிழ் முஸ்லிம்களில் பலர் குடும்பத்தை ஊரிலேயே விட்டுவிட்டு வந்தார்கள். கடையநல்லூர்க்காரர்களோ மனைவி மக்களையும் அழைத்து வந்தார்கள். அந்தப் பெண்களில் பலர் அம்மியில் மசாலா அரைத்து விற்றார்கள். எங்கள் பாட்டியும் அரைத்தார்.

பாட்டனாருக்கு வேலையிடத்தில் இடுப்பில் அடிபட்டு அவர் படுக்கையில் கிடந்த மாதங்களில், வீட்டில் உலை கொதித்தது அந்த அம்மியால்தான். "நான் மூட்டை தூக்கினேன். குடும்பத்தைத் தூக்கியது அவள்" என்று கடைசி வரை சொல்லிக்கொண்டிருந்தார்.

அவர் வஃபாத்தான பிறகு, பேரப்பிள்ளைகள் கூடி என்ன செய்யலாம் என்று பேசினோம். மண்டபம் கட்டலாம் என்றார் ஒருவர், குடிநீர்க் குழாய் போடலாம் என்றார் இன்னொருவர். மனிதன் இறந்த பின்னும் நன்மை வந்து சேரும் செயல்களில் நிலையான தர்மமும், பயன் தரும் கல்வியும் இருப்பதாக நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கூறியிருக்கிறார்கள். இரண்டையும் சேர்த்துச் செய்யலாம் என்று தொழிற்பயிற்சியைத் தேர்ந்தெடுத்தோம்.

கடையநல்லூர் ஒரு காலத்தில் தறிச் சத்தம் ஓயாத ஊர். கைத்தறி நலிந்த பிறகு, அந்த வட்டாரத்துப் பெண்களுக்கு வீட்டிலிருந்து செய்யக் கிடைத்த வேலை பீடி சுற்றுவது. இலையும் தூளும் வாங்கி வந்து, மடியில் சுளகை வைத்து, குனிந்த கழுத்தோடு நாள் முழுதும் சுற்ற வேண்டும். 1000 பீடிக்கு இவ்வளவு என்று கூலி. கழித்துப் போட்டது போகத்தான் கணக்கு. கணவரை இழந்தவர்கள், தலாக் ஆனவர்கள், கணவர் நோயாளியாக உள்ளவர்கள் எல்லாம் அதை நம்பியே இருந்தார்கள்.

முதல் ஆண்டு, ஆறு மாதம் தையல் கற்றுக்கொடுத்தோம். நிறைவு விழா வைத்தோம். ஆளுக்கொரு தையல் மெஷின் கொடுத்து, வரிசையாக நிற்க வைத்துப் படமும் எடுத்தோம். மனம் நிறைந்து சிங்கப்பூர் திரும்பினோம்.

மறு ஆண்டு வீடு வீடாகப் போய்ப் பார்த்தேன். சில வீடுகளில் மெஷின் இல்லை. பிள்ளைக்கு வைத்தியம் பார்க்க ஒருவர் விற்றிருந்தார். குழுக்கடன் தவணைக்காக ஒருவர் அடகு வைத்திருந்தார். ஒரு வீட்டில் அதன் மேல் துணி விரித்துப் பாத்திரம் அடுக்கியிருந்தார்கள். அந்த வீட்டு அம்மா தரையில் உட்கார்ந்து பீடி சுற்றிக்கொண்டிருந்தார். எனக்கு வருத்தம், கொஞ்சம் கோபமும்கூட. அவர் தலை நிமிராமலே சொன்னார்: "மிஷினு தந்திட்டிய, சரிம்மா. தைக்கத் துணிய யாரு தருவா?"

அந்த ஒரு கேள்விக்கு எங்களிடம் பதில் இல்லை. நேராகத் தைக்கக் கற்றுக்கொடுத்தோமே தவிர, ஒருவரை அளவெடுத்து, துணியை வீணாக்காமல் வெட்டும் துணிச்சல் வரும்வரை கற்றுக்கொடுக்கவில்லை. கூலி எவ்வளவு கேட்பது என்று சொல்லித்தரவில்லை. முதல் வாடிக்கையாளரைத் தேடித்தரவில்லை. பீடிக் கூலி சிறிதானாலும் வாரந்தோறும் வந்தது. எங்கள் மெஷினால் எதுவும் வரவில்லை. அவர்கள் செய்ததே அறிவான செயல்.

அதன் பிறகு முறையை மாற்றினோம். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போன பிறகுதான் வகுப்பு; அஸர் நேரத்துக்குள் முடிந்துவிடும். கைக்குழந்தையோடு வருபவர்களுக்காகக் கூடத்திலேயே தொட்டில் கட்டினோம். இத்தாவில் இருப்பவர்களை அவசரப்படுத்துவதில்லை. அந்தக் காலம் முழுதும் அவர்களுக்கு இடம் காத்திருக்கும். மெஷின்கள் கூடத்தில் இருக்கும். பயிற்சிக் காலத்திலேயே பள்ளிச் சீருடை, நைட்டி, தலையணை உறை என்று ஆர்டர் வாங்கித் தைக்க வைத்து, அன்றன்றே கூலி கொடுக்கிறோம். வீட்டில் வைத்துத் தைக்க விரும்புபவருக்கு மெஷினை வட்டியில்லாக் கடனாகத் தருகிறோம். வருமானம் வரும்போது சிறிது சிறிதாகத் திருப்பிச் செலுத்துவார்கள். அந்தப் பணம் அடுத்தவருக்குப் போகும்.

ஒவ்வொருவரிடமும் ஒரு கணக்கு நோட்டு உண்டு. நூல், லைனிங், ஊக்கு, மின்சாரம், இவற்றோடு தான் உட்கார்ந்த நேரத்தையும் எழுத வேண்டும். அந்தக் கடைசி வரியை எழுத வைப்பதுதான் மிகக் கடினம். "எங்க நேரத்துக்கு என்னம்மா காசு?" என்று கேட்பார்கள். அந்தக் கேள்வி மாறும் நாளில்தான் பயிற்சி முடிந்ததாகக் கொள்கிறோம்.

எல்லோரும் வென்றார்கள் என்று சொல்ல மாட்டேன். பாதியில் நின்றவர்கள் உண்டு. பீடிக்கே திரும்பியவர்கள் உண்டு. ஆனால் தலை நிமிராமல் என்னைக் கேள்வி கேட்ட அந்த அம்மா, இன்று புதிதாக வருபவர்களுக்குத் துணி வெட்டக் கற்றுக்கொடுக்கிறார். மகளின் கல்லூரிக் கட்டணத்தை யாரிடமும் கேட்காமல் கட்டினார். சென்ற ரமலானில், தான் தைத்த இரண்டு சிறுவர் சட்டைகளைக் கொண்டு வந்து, "இல்லாத பிள்ளைக்குக் கொடுங்க" என்று வைத்துவிட்டுப் போனார்.

அன்னை ஜைனப் பின்த் ஜஹ்ஷ் (ரலி) அவர்கள் தம் கையால் உழைத்து, அதில் கிடைத்ததைத் தர்மம் செய்தவர்கள் என்று படித்திருக்கிறோம். வாங்கும் கை கொடுக்கும் கையாவதை நான் கண்ணால் பார்த்தது அன்றுதான்.

நம் சங்கத்தாரிடம் எனக்கு மூன்று வேண்டுகோள்கள். ஜகாத்தும் சதக்காவும் கொடுக்கும் நீங்கள், பெருநாளுக்கும் திருமணத்துக்கும் தைக்க வேண்டியதில் ஒரு பங்கையும் இத்தகைய பெண்களுக்குக் கொடுங்கள். கணக்குப் படித்த நம் பிள்ளைகள், விடுமுறையில் ஊருக்குப் போகும்போது ஒரு வாரம் கணக்கெழுதச் சொல்லித்தரட்டும். உதவி பெறுபவரை நிற்க வைத்துப் படமெடுப்பதை விட்டுவிடுவோம்.

கடைசியாக ஒன்று. கூடத்தின் பலகையில் பல ஆண்டுகள் பாட்டனாரின் பெயர் மட்டுமே இருந்தது. அவர் இருந்திருந்தால் அதை ஒப்பியிருக்க மாட்டார் என்று எங்களுக்கு மெதுவாகத்தான் புரிந்தது. இப்போது பலகையில் பாட்டியின் பெயரும் இருக்கிறது, முதல் வரியில்.

அவ்விருவரின் பிழைகளையும் அல்லாஹ் பொறுத்து, அவர்களின் கப்றுகளை ஒளிமயமாக்குவானாக. 50 ஆண்டு கண்ட நம் சங்கத்தின் நற்பணிகளை ஏற்றுக்கொள்வானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.