பெண்நாட்டின் சமையலறை

எதிர்காலத்தைப் பற்றி ஒரு கதை என்றாலே இப்போது இடிந்த நகரமும் வறண்ட ஆறும்தான் வந்து நிற்கின்றன. நாவலைத் திறந்தாலும் திரையைப் பார்த்தாலும் அதே புகை, அதே சாம்பல். இருட்டாக எழுதினால்தான் ஆழமான எழுத்து என்ற எண்ணம் எழுதுகிறவர்களிடையே வேரூன்றிவிட்டது. எனக்கு இதில் உடன்பாடு இல்லை. உலகம் கெட்டுப்போவதாகக் கற்பனை செய்ய, இன்று கண்முன் இருப்பதைக் கொஞ்சம் பெருக்கிக் காட்டினாலே போதும். உலகம் நன்றாக இருப்பதாக எழுத வேண்டுமானால் நூறு கேள்விகளுக்குப் பதில் சொல்லியாக வேண்டும். அந்த நாட்டில் தண்ணீர் எங்கிருந்து வருகிறது? சமையலை யார் செய்கிறார்கள்? ஒரு நாளில் எத்தனை மணி நேரம் உழைக்கிறார்கள்? இந்தக் கேள்விகளுக்குப் பதில் இல்லாத நல்லுலகம் வெறும் வாழ்த்துமடல். பதில் இருந்தால் அது கதை. தண்ணீர், சமையல், உழைக்கும் நேரம்: இந்த மூன்றையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், இந்த உரை முழுவதும் இவற்றுக்கே திரும்பத் திரும்ப வருவேன்.

இந்தக் கலையில் பெயர்பெற்றவர்கள் பலர். 1516-இல் தாமஸ் மோர் எழுதிய 'யுட்டோப்பியா', 1888-இல் எட்வர்ட் பெல்லமி எழுதிய 'லுக்கிங் பேக்வர்ட்', அதற்கு மறுமொழியாக வில்லியம் மாரிஸ் எழுதியது, நம் பாரதியின் 'ஞானரதம்' என்று பலவற்றை நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். அவற்றைத் தாண்டி ஒரே ஒரு சிறுகதையிடம் உங்களை அழைத்துப் போகிறேன். 'சுல்தானாவின் கனவு'. எழுதியவர் ரொக்கேயா சகாவத் ஹுசைன். இன்றைய வங்காளதேசத்தின் ரங்பூர்ப் பகுதியில், பைராபந்த் என்ற ஊரில் 1880-இல் பிறந்தவர். ஐந்து வயதிலிருந்தே, வீட்டுக்கு வரும் அந்நியப் பெண்களின் கண்ணிலும் படாமல் ஒளிய வேண்டியிருந்த குடும்பம். பள்ளிக்கூட வாசலை மிதித்ததில்லை. அண்ணனும் அக்காவும் வீட்டுக்குள் வைத்துச் சொல்லிக் கொடுத்ததுதான் படிப்பு. அப்படிப்பட்டவர் ஆங்கிலத்தில் எழுதிய இந்தக் கதை 1905-இல் முதன்முதலில் அச்சேறியது எங்கே தெரியுமா? நம் சென்னையில். கமலா சத்தியநாதன் ஆசிரியராக இருந்து நடத்திய 'இந்தியன் லேடீஸ் மேகஸின்' என்ற இதழில். நூறு ஆண்டு கழித்து, 2005-இல், கோண்டு ஓவியர் துர்கா பாயின் படங்களோடு அதை மறுபடி நூலாக்கியதும் சென்னைப் பதிப்பகமான தாரா புக்ஸ்தான்.

கதைக்குள் போவோம். சாய்வு நாற்காலியில் அமர்ந்து இந்தியப் பெண்களின் நிலையை எண்ணிக்கொண்டிருக்கும் சுல்தானாவை, சாரா அக்கா என்ற பெண் வெளியே உலாவ அழைத்துப் போகிறாள். பட்டப்பகல். முகத்திரை இல்லாமல் தெருவில் நடக்கிறோமே என்று சுல்தானா கூசுகிறாள். எதிரே வரும் பெண்கள் சிரிக்கிறார்கள். ஏன் என்று கேட்டால், அவள் ஆண்களைப் போல வெட்கப்படுகிறாளாம்! அது பெண்நாடு. அங்கே ஆண்கள் வீட்டுக்குள், பெண்கள் வெளியே. இதை மட்டும் சொல்லி நிறுத்தியிருந்தால் ஒரு நல்ல கேலிக்கதை என்று மறந்திருப்போம். ரொக்கேயா நம்மைச் சமையலறைக்குள் கூட்டிப்போகிறார். காய்கறித் தோட்டத்துக்கு நடுவே இருக்கும் சமையலறை. அங்கே படரும் ஒவ்வொரு கொடியும் ஒவ்வொரு தக்காளிச் செடியும் ஓர் அலங்காரம். புகை இல்லை, புகைபோக்கியும் இல்லை. கரியோ நெருப்போ இருந்ததற்கான அடையாளமே இல்லை. எப்படிச் சமைக்கிறீர்கள் என்று கேட்டால், திரட்டிய சூரிய வெப்பம் வரும் குழாயைக் காட்டி, அங்கேயே அப்போதே ஏதோ சமைத்தும் காட்டுகிறாள் சாரா. இந்த இடத்தில்தான் எழுத்தாளரின் கை தெரிகிறது. சூரிய சக்தி என்று வாயால் சொல்லிவிட்டு நகரவில்லை. குழாயைக் காட்டி, அடுப்பில் வேலையும் நடக்க விடுகிறார். தண்ணீரும் அப்படித்தான். பெண்கள் பல்கலைக்கழகம் ஒன்று, மேகத்துக்கு மேலே பெரிய பலூனை மிதக்கவிட்டு, குழாய் வைத்து நீரை இறக்குகிறது. சூரிய வெப்பத்தைத் திரட்டும் கருவி இன்னொரு பல்கலைக்கழகத்தின் ஆக்கம். ஆண்கள் படைபலம் பெருக்கிக்கொண்டிருந்த காலத்தில் செய்யப்பட்ட ஆராய்ச்சிகள் இவை.

மூன்றாவதாக, உழைக்கும் நேரம். எனக்கு மிகப் பிடித்த பகுதி இதுதான். ஆய்வுக்கூட வேலையை இரண்டே மணி நேரத்தில் முடித்துவிடுவதாகச் சாரா சொல்கிறாள். எப்படி முடியும்? கணக்கைப் பாருங்கள். ஆண் ஒரு நாளைக்குப் பன்னிரண்டு சுருட்டுப் பிடிக்கிறான். ஒரு சுருட்டு எரிய அரை மணி நேரம். ஆக, ஆறு மணி நேரம் புகையில் போகிறது. இந்தக் கணக்கு வேடிக்கைக்காகச் சொன்னது என்றாலும் அதன் அடியில் பெரிய கேள்வி இருக்கிறது. அலுவலகத்தில் கழியும் நேரமெல்லாம் உழைப்பு என்று எண்ணப்படுகிறது. வீட்டில் பெண் செய்வது எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை. எத்தனையோ சொற்பொழிவுகளால் சொல்ல முடியாததை ஒரு பெருக்கல் கணக்கு சொல்லிவிடுகிறது. மறுபடி சொல்கிறேன்: தண்ணீர், சமையல், உழைக்கும் நேரம்.

இதெல்லாம் கனவுதானே, கனவால் யாருக்கு என்ன பயன் என்று கேட்பவர்கள் உண்டு. இதற்கு ஆதாரத்தோடு பதில் சொல்லலாம். பெல்லமியின் நாவலைப் படித்து உந்தப்பட்ட எபனேசர் ஹோவர்டு என்ற ஆங்கிலேயர், தோட்ட நகரம் என்ற திட்டத்தை 1898-இல் நூலாக எழுதினார். 1903-இல் லெட்ச்வொர்த் என்ற நகரமே எழத் தொடங்கியது. ரொக்கேயா அடுத்தவர் செய்யட்டும் என்று காத்திருக்கவும் இல்லை. 1909-இல் கணவர் இறந்தார். அதே ஆண்டில் பாகல்பூரில் ஐந்து மாணவிகளோடு ஒரு பெண்கள் பள்ளியைத் தொடங்கினார். அங்கே தொடர முடியாமல் போகவே, 1911-இல் கல்கத்தாவில் எட்டு மாணவிகளோடு மறுபடி தொடங்கினார். அந்தப் பள்ளி இன்றும் நடக்கிறது. கதையில் பெண்நாட்டின் அரசி முதலில் போடும் ஆணைகளில் ஒன்று, பெண்கள் அனைவருக்கும் கல்வி. கதை எழுதிய ஆறு ஆண்டுக்குள், அந்த ஆணையில் தன்னால் முடிந்த பங்கை அவர் செய்யத் தொடங்கிவிட்டார்.

இன்னொரு எதிர்ப்பு இதைவிடக் கனமானது. பெண்ணை அடைத்து வைத்தது தவறென்றால், ஆணை அடைத்து வைப்பது எப்படி நல்லுலகம் ஆகும்? நியாயமான கேள்வி. பெண்நாட்டில் அடைபட்ட ஆண்கள் என்ன நினைக்கிறார்கள் என்று கதை அதிகம் விசாரிப்பதில்லை. அது ஒரு குறைதான். ஆனால் அடைபட்ட ஆணைக் கண்டு நம் நெஞ்சு உறுத்துகிறதல்லவா? அந்த உறுத்தல் அடைபட்ட பெண்ணைக் கண்டபோது ஏன் வரவில்லை என்பதுதான் ரொக்கேயா நம் முன் வைக்கும் வழக்கு. கதையில் இடம் மாறியிருப்பது ஆள் மட்டுமே. கதவும் தாழ்ப்பாளும் அதேதான். இதை ஆட்சித் திட்டமாகப் படித்தால் தவறிவிடுவோம். ரொக்கேயா சிபாரிசு செய்வது சமையலறையையும் பல்கலைக்கழகத்தையும்தான்.

இருண்ட கதைகள் எச்சரிக்கை தருகின்றனவே என்பார்கள். தருகின்றன, மறுக்கவில்லை. ரொக்கேயாவே அப்படியும் எழுதியவர். 1931-இல் வந்த அவருடைய 'அவரோத்பாசினி', பர்தாவுக்குள் பெண்கள் பட்ட பாடுகளை ஒன்றன்பின் ஒன்றாக அடுக்குகிறது. புர்கா தடுக்கி ரயில் தண்டவாளத்தில் விழுந்த ஒரு பெண்ணைத் தூக்கிவிட ஓடிவந்த ஆண்களை, தொடக்கூடாது என்று உடனிருந்த பணிப்பெண் தடுக்கிறாள். ரயில் காத்திருந்து பார்த்துவிட்டுக் கிளம்புகிறது. அந்தப் பெண் இறந்துபோகிறாள். படித்தால் தூக்கம் வராது. எதை விட்டு ஓட வேண்டும் என்பதை இப்படிப்பட்ட எழுத்து காட்டிவிடும். எங்கே போய்ச் சேர வேண்டும் என்பதற்குப் புகையில்லாத அந்தச் சமையலறை தேவைப்படுகிறது. இரண்டையும் எழுதிய கை ஒன்றே. நம் காலத்து எழுத்தாளர்கள் முதல் பாதியோடு நின்றுவிடுகிறார்கள் என்பதுதான் என் குறை.

இன்னும் ஒன்று சொல்லியாக வேண்டும். பத்தாண்டுக்கு மேல் உண்மையான பள்ளியை நடத்தி, வசையும் பணமுடையும் பட்ட பிறகு, 1924-இல் 'பத்மராக்' என்ற நாவலை வங்காளியில் வெளியிட்டார் ரொக்கேயா. அதிலும் ஒரு நல்லிடம் வருகிறது, தாரிணி பவன். வெவ்வேறு மதத்துப் பெண்கள் சேர்ந்து நடத்தும் இல்லம். அதிலே பள்ளி உண்டு, கைத்தொழில் கூடம் உண்டு, நோயாளிகளுக்கும் ஆதரவற்றவர்களுக்கும் இடம் உண்டு. இந்த முறை பெண்நாட்டில் இருந்ததைப் போன்ற பறக்கும் வண்டி இல்லை, மேகத்திலிருந்து இறங்கும் குழாய் இல்லை. ஆண்களை யாரும் அடைக்கவும் இல்லை. அனுபவம் அவருடைய கற்பனையை அணைக்கவில்லை, அதற்கு நடைமுறையைக் கற்றுக் கொடுத்திருக்கிறது. 'சுல்தானாவின் கனவு' மிகச் சிறியது, ஒரே மூச்சில் படித்துவிடலாம். அதை முதலில் படியுங்கள். 'பத்மராக்' கிடைத்தால் அடுத்து அதை எடுங்கள். நாளைய ஊரைப் பற்றி எழுத நினைக்கும் இளைஞர்கள் இரண்டையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, தங்கள் ஊரில் தண்ணீர் எப்படி வரும், அடுப்பை யார் பார்ப்பார்கள், வேலை எத்தனை மணிக்கு முடியும் என்று முதல் பக்கத்திலேயே எழுதத் தொடங்கட்டும்.