மூலம் கையிலிருந்தால் போதுமா?



தமிழுக்கான சொற்பிழை திருத்திகளும் உருபனியல் பகுப்பிகளும் இன்று திறமூல மென்பொருள்களாகக் கிடைக்கின்றன. மூலநிரல் திறந்திருப்பதனால் அவை நமக்கு உரியன என்று மகிழ்கிறோம். எனினும் மூலநிரலைப் பெற்றிருத்தல் வேறு, அதனை இயங்கும் கருவியாக ஆக்கத் தெரிதல் வேறு. ஏடு வீட்டில் இருப்பதனாலேயே அதனைப் படிக்கத் தெரிந்துவிடுமா? இவ்விரண்டுக்கும் உள்ள இடைவெளியைப் பற்றியே இன்று பேச எண்ணுகிறோம்.

மனிதர் எழுதும் நிரலைக் கணினியின் கட்டளைகளாக மாற்றித் தருவது தொகுப்பி. ரிச்சர்ட் ஸ்டால்மன் 1987இல் முதன்முதலில் வெளியிட்ட ஜிசிசி என்னும் தொகுப்பியைச் சான்றாகக் கொள்வோம். அதனை மூலநிரலிலிருந்து ஆக்குவதற்கு மூன்று கட்டளைகள் உண்டு. முதலாவதாகிய ‘கான்ஃபிகர்’, கணினியில் எவை உள்ளன, எவை இல்லை என ஆராய்ந்து, ஆக்கும் முறையை ஒரு கோப்பில் எழுதிவைக்கும். இரண்டாவதாகிய ‘மேக்’, அக்கோப்பின்படி தொகுப்புப் பணியைச் செய்யும். மூன்றாவதாகிய ‘மேக் இன்ஸ்டால்’, ஆக்கிய கருவியை உரிய கோப்புறையில் நிறுவும்.

பள்ளிக் கணினிகளில் மாணவர்க்கு நிர்வாகி உரிமை இராது. அதனால் தயங்க வேண்டியதில்லை. கான்ஃபிகர் கட்டளையுடன் ‘பிரிஃபிக்ஸ்’ என்னும் தெரிவைச் சேர்த்துத் தம் சொந்தக் கோப்புறையைக் குறித்தால், அங்கேயே நிறுவிக்கொள்ளலாம். பணி இடையில் நின்றால், திரையின் கடைசி வரியை மட்டும் பார்த்து மயங்கலாகாது. முதற்பிழை தோன்றிய இடத்தை மேலே சென்று தேட வேண்டும். பெரும்பாலும் தேவையான நூலகம் ஒன்று இல்லாமையே காரணமாக இருக்கும். ஜிசிசிக்கு ஜிஎம்பி, எம்பிஎஃப்ஆர், எம்பிசி என்னும் மூன்று கணித நூலகங்கள் தேவை.

இனி, மொழியியலார்க்குச் சுவையான பகுதிக்கு வருவோம். தமிழின் இலக்கணத்தைத் தமிழிலேயே கூறும் நூல் தொல்காப்பியம். விளக்கும் மொழியும் விளக்கப்படும் மொழியும் அங்கு ஒன்றே. ஜிசிசியின் நிலையும் இத்தகையது. சி++ நிரலைத் தொகுக்கும் அக்கருவியின் மூலநிரலும் இன்று சி++ மொழியிலேயே உள்ளது. ஆகவே தொகுப்பியை ஆக்க முன்னரே ஒரு தொகுப்பி வேண்டும். கணினியில் உள்ள பழைய தொகுப்பி முதற்கட்டத் தொகுப்பியை ஆக்கும். அது அதே மூலநிரலிலிருந்து இரண்டாம் கட்டத்தையும், இரண்டாவது மூன்றாவதையும் ஆக்கும். பின்னர் இரண்டாம், மூன்றாம் கட்டங்களின் விளைவுகள் ஒப்பிடப்படும். அவை வேறுபட்டால் பணி பிழையென்று அறிவிக்கப்படும்.

இவ்வொப்பீடு போதுமா? யூனிக்ஸ் இயங்குதளத்தை உருவாக்கியோருள் ஒருவரான கென் தாம்சன், டூரிங் விருதினை ஒட்டி ஆற்றிய உரை 1984இல் அச்சாயிற்று. தொகுப்பியின் இயங்குவடிவில் ஒரு வஞ்சகத்தை மறைத்துவைத்தால், தூய மூலநிரலைத் தொகுக்கும்போதும் அது புதிய தொகுப்பிக்குள் தன்னை நுழைத்துக்கொள்ளும் என்று அவர் காட்டினார். மூலநிரலை எத்தனை முறை படித்தாலும் அது புலப்படாது. மூன்று கட்ட ஒப்பீட்டிலும் அது தப்பிவிடும். ஏனெனில் அக்கட்டங்கள் யாவும் ஒரே வழியில் வந்தவை.

பதிப்பாசிரியர்கள் இதனை நன்கு அறிவர். ஒரே ஏட்டைப் பார்த்தெழுதிய இரு படிகள் ஒத்திருப்பதனால் மட்டும் பாடம் திருத்தமானது என்று கொள்ள இயலாது. வேறு வழியில் வந்த ஏடு வேண்டும். டேவிட் வீலர் விளக்கிய தீர்வும் இதனை ஒத்ததே. தொடர்பற்ற வேறொரு தொகுப்பியால் அம்மூலநிரலைத் தொகுத்து, கிடைத்ததைக் கொண்டு அதனையே மீண்டும் தொகுத்து, விளைவை முன்னதனுடன் ஒப்பிட வேண்டும்.

நம் மொழிக்கருவிகளுக்கு இதனால் என்ன? ஒரு பகுப்பியை ஆக்கியவர் நாளை அப்பணியிலிருந்து விலகலாம். புதிய இயங்குதளத்தில் அதன் பழைய இயங்குவடிவம் ஓடாமற் போகலாம். அந்நாளில் மூலநிரலிலிருந்து மீண்டும் ஆக்கத் தெரிந்தவர் நம்மிடையே இருந்தால் கருவி பிழைக்கும். இல்லையேல் மூலநிரல் இருந்தும் பயனில்லை.

ஆகவே ஆசிரியர்களை ஒன்று வேண்டுகிறோம். ஒவ்வொரு பள்ளியிலும் ஒரு சிறு தமிழ்க் கருவியைத் தேர்ந்து, மாணவர் குழுவொன்று அதனை மூலத்திலிருந்து ஆக்கி, செய்முறையைப் படிப்படியாகத் தமிழில் எழுதிவைக்கட்டும். அடுத்த ஆண்டு மாணவர்கள் அக்குறிப்பை மட்டும் கொண்டு மீண்டும் ஆக்கிப் பார்க்கட்டும். அவர்களால் இயன்றால், அக்கருவி நமக்கு உரியதாயிற்று என்று துணிந்து கூறலாம்.