மலையும் மழையும் சட்டமும்

(பழைய மாணவியர் சங்க நூற்றாண்டு நிகழ்வில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



நூறாண்டு நிறைவில் பேசுவதற்கு மகிழ்ச்சியான விடயங்கள் எத்தனையோ உண்டு. ஆயினும் வெலிமடையில் கூடியிருக்கும் நாம் மழையைப் பற்றிப் பேசாமல் கலைந்து போக முடியாது. 2025 நவம்பர் இறுதியில் வந்த திட்வா புயல் நாடு முழுவதிலும் 600க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது. கண்டி, நுவரெலியா, பதுளை மாவட்டங்களில் மலைகள் சரிந்தன. கடல் சூடேறச் சூடேறக் காற்று அதிக ஈரத்தைச் சுமக்கிறது. அது கொட்டும்போது ஒரே நாளில் கொட்டிவிடுகிறது. உலகை வெப்பமாக்கிய புகையில் இலங்கையின் பங்கு மிகச் சிறியது. அதிலும் கொழுந்து பறிக்கும் ஒரு தாயின் பங்கு எவ்வளவு இருக்கும்? ஆனாலும் மண் முதலில் வந்து மூடுவது அவருடைய லயத்தைத்தான்.

இதை இயற்கையின் சீற்றம் என்று சொல்லி முடித்துவிட்டால் எவரும் பதில் சொல்லத் தேவையில்லை. சட்டத்தின் வேலை அங்கேதான் தொடங்குகிறது. "இதைத் தடுப்பது யாருடைய கடமையாக இருந்தது?" என்று அது கேட்கிறது. அந்தக் கேள்வியை நமது ஊவாவில் நடந்த இரண்டு சம்பவங்களை வைத்துப் பார்ப்போம்.

முதலாவது மீரியபெத்தை. 2014 ஒக்டோபர் 29 காலையில் கொஸ்லந்தைக்கு அருகே அந்தத் தோட்டத்தின் லயன்கள் மண்ணுக்குள் புதைந்தன. பாடசாலைக்குப் போயிருந்த பிள்ளைகள் தப்பினார்கள். அவர்களுள் சிலருக்குத் திரும்பிப் போக வீடும் இல்லை, பெற்றோரும் இல்லை. அந்த இடம் ஆபத்தானது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. விஞ்ஞானம் தன் வேலையைச் செய்திருந்தது. ஆனால் அந்த எச்சரிக்கை மக்களைப் பாதுகாப்பான வேறிடத்தில் குடியமர்த்தும் செயலாக மாறவில்லை. நிலம் அரசுக்குச் சொந்தம். 1992 முதல் தோட்ட நிர்வாகம் கம்பனிகளின் கையில். மூன்று, நான்கு தலைமுறையாக அங்கே வாழ்ந்தவர்களிடம் காணி உறுதி இல்லை. பொறுப்பு இத்தனை பேருக்கிடையில் பிரிந்து கிடந்தால், கடைசியில் அது எவருடைய மேசையிலும் இருக்காது. உயிர் தப்பியவர்களில் பலர் பழைய தேயிலைத் தொழிற்சாலை ஒன்றில் காலம் கழித்தார்கள். பூணாகலையில் கட்டிய வீடுகள் 2016இல்தான் கையளிக்கப்பட்டன. 2023 மார்ச்சில் அதே பூணாகலைப் பக்கம், கபரகலைத் தோட்டத்தில் மீண்டும் மண் சரிந்தது.

இரண்டாவது, நமது வாசலிலேயே நடந்த உமா ஓயாத் திட்டம். 2008இல் தொடங்கி 2024 ஏப்ரலில் திறந்துவைக்கப்பட்ட இத்திட்டம் வெலிமடைப் பகுதியின் நீரைப் புகுல்பொலவிலும் டயரபாவிலும் தேக்கி, மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியாக வெல்லவாயப் பக்கம் கொண்டுபோகிறது. 120 மெகாவாட் மின்சாரம் கிடைக்கிறது. வரண்ட தென்கிழக்கு வயல்களுக்கு நீரும் கிடைக்கிறது. நிலக்கரியோ எண்ணெயோ எரிக்காத மின்சாரம் என்பதால், காலநிலைக்கு நன்மையான திட்டங்களின் வரிசையில் இதைச் சேர்க்கலாம். ஆனால் 2014 டிசெம்பரில் சுரங்கத்துக்குள் நிலத்தடி நீர் பீறிட்டுப் பாய்ந்தபோது, மேலே பண்டாரவளைப் பக்கத்தில் கிணறுகள் வற்றின. வீட்டுச் சுவர்கள் வெடித்தன. 2017இல் மக்கள் கடைகளை அடைத்துவிட்டு வீதிக்கு வந்தார்கள். பூமியைக் காக்கச் செய்யும் காரியமும் பக்கத்து வீட்டுக் கிணற்றுக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டது என்பதே அதில் நாம் கற்ற பாடம்.

இப்படிப்பட்ட வேளைகளுக்கு நம் நாட்டில் சட்டம் இல்லையா? இருக்கிறது. 1980ஆம் ஆண்டின் தேசிய சுற்றாடல் சட்டத்துக்கு 1988இல் வந்த திருத்தத்தின்படி, பெருந்திட்டங்களுக்குச் சுற்றாடல் தாக்க மதிப்பீடு வேண்டும். அந்த அறிக்கையைப் பற்றி வர்த்தமானியிலும் சிங்கள, தமிழ், ஆங்கிலப் பத்திரிகைகளிலும் அறிவிக்க வேண்டும். அதன்பின் 30 நாட்களுக்குள் பொதுமக்களில் எவரும் எழுத்தில் கருத்துச் சொல்லலாம். தமிழில் அறிவிப்பு வரவேண்டும் என்பது எவரும் இரங்கித் தரும் சலுகையன்று. சட்டத்தில் எழுதப்பட்ட கடமை. நம்மில் எத்தனை பேர் அப்படி ஓர் அறிவிப்பைத் தேடிப் படித்திருக்கிறோம்?

நீதிமன்றமும் கண்ணை மூடிக்கொண்டிருக்கவில்லை. எப்பாவல பொஸ்பேற் அகழ்வுத் திட்டத்தை எதிர்த்து அவ்வூர் மக்கள் தொடுத்த வழக்கில், உரிய சுற்றாடல் மதிப்பீடு இல்லாமல் அதை முன்னெடுக்க முடியாது என்று உயர் நீதிமன்றம் 2000ஆம் ஆண்டில் தீர்ப்பளித்தது. சுன்னாகத்தில் கிணறுகளில் எண்ணெய் கலந்த வழக்கில், 2019 ஏப்ரலில், மின் உற்பத்தி செய்த கம்பனி 2 கோடி ரூபா நட்டஈடு செலுத்த வேண்டும் என்று அதே நீதிமன்றம் கட்டளையிட்டது. யாழ்ப்பாணத்துக் கிணறுகளுக்காக அந்த மனுவைத் தாக்கல் செய்தவர் ஒரு சிங்களச் சூழலியலாளர். இதையும் நாம் நினைவில் வைத்திருக்க வேண்டும்.

எப்பாவல தீர்ப்பு எடுத்தாண்ட கருத்துகளில் நம் நாட்டவரான நீதியரசர் சி. ஜி. வீரமந்திரியின் கருத்தும் ஒன்று. 1997இல் சர்வதேச நீதிமன்றத்தில், டனியூப் ஆற்று அணைகள் பற்றிய ஹங்கேரி - ஸ்லோவாக்கியா வழக்கில், அவர் நம் நாட்டின் பழைய குளங்களை எடுத்துக்காட்டி, ஆட்சியாளர் நிலத்துக்குக் காவலரே அன்றி உரிமையாளர் அல்லர் என்ற பழைய உபதேசத்தை உலகுக்கு நினைவூட்டினார்.

அதே சர்வதேச நீதிமன்றம் 2025 ஜூலை 23இல் காலநிலை பற்றித் தன் ஆலோசனைக் கருத்தை வெளியிட்டது. பாரிய சூழல் கேட்டைத் தடுக்க அரசுகள் சட்டப்படி கடமைப்பட்டவை. கடமை தவறினால் நட்டஈடு கொடுக்கும் பொறுப்பும் எழலாம் என்று நீதியரசர்கள் ஒருமனதாகச் சொன்னார்கள். ஆலோசனைக் கருத்து எந்த நாட்டையும் தீர்ப்பைப் போல் கட்டுப்படுத்தாது. ஆனால் நாளை நமது நீதிமன்றத்தில் நிற்கும் சட்டத்தரணிக்கு அது ஓர் ஊன்றுகோல். இதற்கு விதை போட்டவர்கள் 2019இல் பசிபிக் தீவுகளைச் சேர்ந்த 27 சட்ட மாணவர்கள். ஒரு வகுப்பறையில் தொடங்கிய வேலை.

நமக்கு இன்னும் நெருக்கமான உதாரணம் சுவிட்சர்லாந்தில் இருக்கிறது. அங்கே 2000க்கும் மேற்பட்ட மூத்த பெண்கள் ஒரு சங்கம் அமைத்து, வெப்ப அலைகளிலிருந்து தங்களைக் காக்க அரசு போதியதைச் செய்யவில்லை என்று வழக்குத் தொடுத்தார்கள். 2024 ஏப்ரல் 9இல் ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றம் அவர்களுக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. தனித்தனியாக வந்த நான்கு பெண்களின் முறைப்பாட்டை நீதிமன்றம் ஏற்கவில்லை; சங்கத்தின் முறைப்பாட்டையே ஏற்றது. சங்கம் என்றால் தேநீரும் விழாவும் மட்டுமல்ல என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

ஆகவே நமது சங்கத்தின் இரண்டாம் நூற்றாண்டுக்குச் சில காரியங்களை முன்வைக்கிறோம்.

முதலாவது, காலக்கெடு. அடிப்படை உரிமை மீறலுக்கு உயர் நீதிமன்றத்தில் மனுச் செய்ய ஒரு மாதமே அவகாசம். துக்கத்திலும் முகாமிலும் இருப்பவருக்கு ஒரு மாதம் கண் மூடித் திறப்பதற்குள் போய்விடும். அந்த மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறையிட்டால், அவ்விசாரணை நடக்கும் காலம் கணக்கில் சேராது. இதை ஒவ்வொரு தோட்டத்திலும் ஒருவராவது அறிந்திருக்க வேண்டும்.

இரண்டாவது, எழுத்து. 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி எந்தப் பிரஜையும் பிரதேச செயலகத்துக்கு எழுதலாம். "எங்கள் தோட்டம் மண்சரிவு அபாய வலயத்தில் இருக்கிறதா? எச்சரிக்கை எப்போது வந்தது? அதன்மேல் எடுத்த நடவடிக்கை என்ன?" என்று கேட்டால், தகவல் தருவதா இல்லையா என்பதை 14 வேலை நாட்களுக்குள் தீர்மானிக்க வேண்டும். பதிலையும் கடிதத்தின் பிரதியையும் கோவையில் வைப்போம். "எமக்குத் தெரியாது" என்று எவரும் பிறகு சொல்ல முடியாதபடி செய்வது அந்தக் கோவைதான்.

மூன்றாவது, ஆட்கள். நம்மிடையே சட்டத்தரணிகள் இருக்கிறார்கள். ஆசிரியைகள், கிராம உத்தியோகத்தர்கள், தாதியர், மொழிபெயர்ப்பாளர்கள் இருக்கிறார்கள். வெளிநாட்டில் இருப்பவர்கள் பணம் அனுப்புவதோடு, இங்கே வரும் ஆங்கில அறிக்கைகளைத் தமிழில் சுருக்கித் தரும் பணியையும் ஏற்கலாம்.

நான்காவது, காணி உறுதி. மலையக மக்களுக்குப் பாதுகாப்பான இடத்தில், தம் பெயரில், தாயின் பெயரும் சேர்ந்த உறுதியோடு வீடு வேண்டும் என்ற கோரிக்கையைக் காலநிலை நீதியின் முதற் கோரிக்கையாகவே நாம் பேச வேண்டும். உறுதி இல்லாதவரை "உன் இழப்பை நிரூபி" என்று கேட்பது சுலபம்.

சட்டம் மழையை நிறுத்தாது; சரிந்த மலையை நிமிர்த்தாது. ஆனால் அடுத்த எச்சரிக்கை ஓர் அலுவலகத்தின் இழுப்பறையில் உறங்காமல், பெயர் குறித்த ஒருவருடைய கடமையாக மாறுவதற்கு வேறு வழியும் இல்லை. எழுதக் கற்றுத்தந்த கல்லூரி இது. அந்தக் கடிதங்களை எழுதுவோம், அடுத்த பருவமழைக்கு முன்னரே எழுதுவோம் என்று கேட்டு விடைபெறுகிறோம்.