குரலுக்கு இசையும் சுருதி



மெல்லிசைக் குழுவின் ஒத்திகையில் முதலில் எழும் வினா, "இந்தப் பாட்டு எத்தனை கட்டை?" என்பதாகும். இசைத்தட்டில் ஒலித்த அதே சுருதியில் மேடையிலும் பாடிக் காட்டுவதைப் பல குழுக்கள் பெருமையாகக் கருதுகின்றன. சுருதியை இறக்கினால் பாடகரின் ஆற்றல் இறங்கிவிட்டதாக அவை எண்ணும் என்ற அச்சமும் உண்டு. அந்தப் பெருமைக்கு விலை கொடுப்பது பாடுபவரின் தொண்டையே. சளி கட்டிய இரவிலும், வயது ஏறிய பின்னும், எட்டாத மேற்சுரத்தை எட்ட முயல்கையில் சொல் சிதைகிறது, பொருள் மறைகிறது.

பாட்டின் உயிர் சுரத்துக்கும் சுரத்துக்கும் இடையிலுள்ள தொலைவில் இருக்கிறது. எல்லாச் சுரங்களும் ஒரே அளவு இறங்கினால் இராகம் மாறுவதில்லை. பழந்தமிழர் கண்ட பண்ணுப்பெயர்த்தல் இதனின் வேறானது. செம்பாலையின் துத்தத்தைக் குரலாகக் கொண்டால் படுமலைப்பாலை பிறக்கும். அங்கே பண்ணே மாறுகிறது. சுருதி மாற்றத்தில் பண் அப்படியே நிற்க, அது நிற்கும் இடம் மட்டும் மாறுகிறது.

இடம் மாற்றுவதிலும் கணக்கு உண்டு. ஆர்மோனியத்தின் ஏழு வெள்ளைக் கட்டைகள் 1 முதல் 7 வரை எண்ணப்படும். இடையிலுள்ள கறுப்புக் கட்டைகள் ஒன்றரை, இரண்டரை, நான்கரை, ஐந்தரை, ஆறரை எனப்படும். மூன்றரைக் கட்டை என்பது இல்லை. ஆதலால் 5 கட்டையிலிருந்து 4 கட்டைக்கு இறங்குவது இரண்டு அரைச்சுரங்கள்; 4 கட்டையிலிருந்து 3 கட்டைக்கு இறங்குவது ஓர் அரைச்சுரமே. "ஒரு கட்டை இறக்குங்கள்" என்ற சொல் இடத்துக்கு இடம் வேறு பொருள் தருவதை அறியாத குழு மேடையில் தடுமாறும்.

உழைப்பும் எல்லோர்க்கும் ஒன்றன்று. மின்னணு விசைப்பலகையில் ஒரு பொத்தானை அழுத்தினால் போதும். புல்லாங்குழல் கலைஞர் வேறு நீளமுள்ள குழலை எடுக்க வேண்டும். தபேலாக் கலைஞர் வேறு சுருதித் தபேலாவை நாட வேண்டும். கிட்டார்க் கலைஞர் 5 கட்டையில் ஜி, சி, டி என வாசித்த சுரக்கூட்டுகளை 4 கட்டையில் எஃப், பி ஃபிளாட், சி என மாற்ற வேண்டும். பெயர்கள் மாறினாலும், ஆதார சுரம், அதற்கு நான்காவது, ஐந்தாவது என்ற உறவு மாறுவதில்லை. உறவை மனத்தில் கொண்டவர்க்கு எந்தச் சுருதியும் அயலன்று.

இழப்பும் உண்டு. கிட்டாரின் திறந்த நரம்புகள் தரும் நிறைவு சில சுருதிகளில் கிட்டாது. மேற்சுரத்துக்கு அஞ்சி அளவுக்கு மீறி இறக்கினால், பாட்டின் கீழ்ச்சுரங்கள் குரலில் அமிழ்ந்துவிடும். ஆணும் பெண்ணும் சேர்ந்து பாடும் பாட்டில் ஒருவர்க்கு எளிதான சுருதி மற்றவர்க்குச் சுமையாகும். எனவே பாட்டின் உச்சச் சுரத்தையும் அடிச் சுரத்தையும் முதலில் குறித்து, பாடுபவரிடம் அவற்றைப் பாடச் சொல்லிக் கேட்டபின் முடிவு செய்வதே முறை.

பெருங்கலைஞரும் சுருதியை இறக்கியதுண்டு. திருவாவடுதுறை டி. என். இராஜரத்தினம் பிள்ளை (1898–1956), உயர்ந்த சுருதியுடைய திமிரி நாகசுரத்தை விடுத்து, நீளமும் தாழ்ந்த சுருதியும் கொண்ட பாரி நாகசுரத்தை நிலைபெறச் செய்தார். அதனால் அவர் பெருமை குறையவில்லை. நாகசுரத்துக்கு ஆழம் கூடியது.

பழந்தமிழிசையில் ஏழு சுரங்களுள் முதலாவதன் பெயர் குரல். மனிதர் பேசும் குரலுக்கும் அதுவே பெயர். பாடுபவரின் குரல் இயல்பாக நிற்கும் இடத்தில் முதற்சுரத்தை வைத்து, ஏனைய கருவிகள் அதனைச் சூழ்ந்து வருவதே குழுவிசையின் அறம். கவியரங்கத்துக்கும் இது பொருந்தும். பிறர் சுருதியில் உரக்கப் பாடும் கவிஞரின் சொல் சிதையும். தம் சுருதியில் தாழ்ந்து பாடினாலும் அச்சொல் கடைசி வரிசை வரை சென்று சேரும்.