முதலில் பயத்தைப் போக்குவோம்
(சங்கத்தின் பெற்றோர் கூட்டத்தில் உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரை)



நான் நிபுணர் இல்லை. ஏமாந்த ஒரு அப்பாவாகத்தான் பேச வந்திருக்கிறேன்.

ஏழாம் வகுப்பு படிக்கும் என் மகன் என் போனில் கேம் விளையாடுவான். அதில் பழக்கமான ஒருவன், "இலவசமாக டைமண்ட் தருகிறேன், போனுக்கு வரும் ஓடிபியைச் சொல்" என்றிருக்கிறான். இவனும் சொல்லிவிட்டான். 4,800 ரூபாய் போய்விட்டது. வங்கியின் குறுஞ்செய்தியையும் பயத்தில் அழித்துவிட்டான். ஒன்பது நாள் கழித்துக் கணக்கைப் பார்த்தபோதுதான் எனக்கே தெரிந்தது.

"ஏண்டா சொல்லல?" என்றேன். "சொன்னா போனைப் பிடுங்கிடுவீங்க" என்றான்.

உடனே 1930-க்கு அழைத்திருந்தால், பணம் வேறு கணக்குக்கு மாறுவதற்குள் நிறுத்திவைக்க வாய்ப்பு இருந்திருக்கும். அந்த ஒன்பது நாளை வீணாக்கியது அவனல்ல, என் மிரட்டல்தான்.

இது பணத்தோடு போயிற்று. நாளை ஒருவன் படத்தை வைத்து மிரட்டினாலும் பிள்ளை இதேபோல் மறைத்தால் என்ன ஆகும்?

அதனால் இன்றிரவே பிள்ளைகளிடம் சொல்லுங்கள்: "என்ன தப்பு நடந்தாலும் என்னிடம் வா. திட்ட மாட்டேன், போனையும் பிடுங்க மாட்டேன்." சொன்னால் போதாது, அந்த நாள் வரும்போது சொல்லைக் காப்பாற்றவும் வேண்டும்.

மற்றவை எளிய வேலைகள். பிளே ஸ்டோரில் எதை வாங்கினாலும் பாஸ்வேர்டு கேட்கும்படி வையுங்கள். சிறு பிள்ளைகளின் போனில் கூகுள் ஃபேமிலி லிங்க் போடலாம். ஆனால் அவர்களுக்குத் தெரிந்தே போடுங்கள். இரவில் எல்லாப் போன்களும் ஹாலில் சார்ஜ் ஆகட்டும், நம்முடையதும் சேர்த்து.

யாராவது மிரட்டினால் பணம் கொடுக்காதீர்கள். உரையாடலை அழிக்காமல் ஸ்கிரீன்ஷாட் எடுத்துவைத்துவிட்டு, அந்த ஆளை பிளாக் செய்யுங்கள். தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்தில் புகார் பதியலாம். குழந்தைகளுக்கான உதவி எண் 1098. இந்த இரண்டு எண்களையும் லிஃப்டில் ஒட்டச் செயலாளரிடம் கேட்டிருக்கிறேன்.

நம் வாட்ஸ்அப் குழுவுக்கும் ஒரு வேண்டுகோள்: பள்ளிச் சீருடையும் ஃபிளாட் எண்ணும் தெரியும்படி பிள்ளைகளின் படங்களைப் போடாதீர்கள். அந்தப் படம் எங்கெங்கே போகும் என்று நமக்குத் தெரியாது.

என் மகன் அனுமதி தந்ததால்தான் இதைச் சொன்னேன். "மத்த அப்பாக்களும் கேக்கட்டும்" என்றான்.